சிபிசி ரிப்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் லேபில் சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனைக்குக் காலை ஆறரைக்கே வரிசை நிற்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மிஷின் காட்டும் எண்ணை அப்படியே டைப் செய்து அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். டியூபை ஆட்ட மறப்பது, பெயரை மாற்றி ஒட்டுவது எல்லாம் முதல் மாதத்துத் திட்டிலேயே சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்"

ஹீமோகுளோபின் 12.4. பெண்ணென்றால் சோகை இல்லை, ஆணென்றால் சோகை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12. அறுபது வயது ஆணுக்கு 12.4 வந்தால் வயதின் மேல் பழிபோட்டு அனுப்பாதீர்கள். குடலில் எங்காவது ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

கர்ப்பிணியைப் பயமுறுத்துவது

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதனால் ஹீமோகுளோபின் இறங்கும். பொதுவாக 11 வரை சோகை இல்லை. வெள்ளையணு கர்ப்பத்தில் இயல்பாகவே கூடும், 13,000 இருப்பதை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்லிவிடாதீர்கள்.

பிளேட்லெட் குறைவு என்றதும் டெங்கு என்று முடிவுகட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மேற்கு வங்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர். இரண்டு நாள் காய்ச்சல். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 82,000 என்று மிஷின் காட்டியது. இயல்பு ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஸ்லைடு போடாமல், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல், ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். அவரைப் படுக்கையில் சேர்த்தார்கள். டெங்கு சோதனையில் ஒன்றுமில்லை. காய்ச்சல் விட்டது, ஆனால் பிளேட்லெட் மட்டும் ஏறவே இல்லை. தினமும் ஊசி குத்தினார்கள். ஐந்து நாள் கூலி போனது, ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணமும் போனது.

அப்புறம்தான் ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ஆயில் லென்ஸுக்குக் கீழே சிவப்பணு அளவுக்குப் பெருத்த பிளேட்லெட்கள். மிஷின் அளவைப் பார்த்து எண்ணுகிறது. இவ்வளவு பெரியதைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். வங்கம், வடகிழக்குப் பக்கத்து மக்களில் சிலருக்குப் பிறவியிலேயே பிளேட்லெட் பெரிதாகவும் எண்ணிக்கை குறைவாகவும் இருக்கும். ரத்தக்கசிவு எதுவும் வராது. மேற்கு வங்க ரத்தக் கொடையாளர்களிடம் இதைக் கண்டு எழுதியவர்கள் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள்தான். பக்கத்து ஊரில் கண்டுபிடித்ததை நான் அறியாமல் இருந்தேன்.

அதற்காக அவர்களுக்கு டெங்கு வராது என்று நினைத்துவிடக் கூடாது, வரும். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா, வயிற்றுவலி, வாந்தி இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். நம் வேலை, ஒரு லட்சத்துக்குக் கீழே வந்த ஒவ்வொன்றுக்கும் ஸ்லைடு போடுவது. பிளேட்லெட்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடி டியூபில் போட்டிருக்கும் மருந்து செய்த வேலையாக இருக்கலாம். நீல மூடி டியூபில் மறுபடி எடுங்கள்; அதிலிருக்கும் திரவம் ரத்தத்தை நீர்க்கவைப்பதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள்.

எம்சிவி குறைந்ததும் இரும்பு மாத்திரை

எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. அது குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை 55 லட்சத்தைத் தாண்டியிருந்தால் முதலில் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) சோதனை.

புகைப்பவரா என்று கேட்காதது

புகை ஹீமோகுளோபினை ஏற்றிக் காட்டும், சோகை மறைந்துபோகும்.

பழைய ரிப்போர்ட்டைக் கேட்காதது

கேளுங்கள், போனில் வைத்திருப்பார்கள். அந்த இளைஞரிடமும் இருந்தது: முந்தைய வருடம், காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்தது, 86,000.