ஆங்கிலத்தில் காற்புள்ளி: தமிழிலிருந்து மொழிபெயர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு அலுவலக ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களின் படிகளைத் திருத்துவதும் இப்போது என் பொறுப்பு. சென்ற மாதம் ஓர் இளைஞர் கொண்டுவந்த வாடகை ஒப்பந்தத்தில், நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த பிழையை அப்படியே பார்த்தேன். அவரிடம் வாய்மொழியாகச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன். பட்டியலில் பொருள்களுக்கு இடையே காற்புள்ளி இடுவது, காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. அவற்றைக் கணினியே திருத்திவிடும். கணினியும் சரியென்று விட்டுவிடும் பிழைகளைப் பற்றியே இங்கே பேச்சு.

மூச்சை நம்பிக் காற்புள்ளி இடுதல்

கால், அரை, முக்கால், முற்று என்று நம் புள்ளிகளின் பெயர்களே நிறுத்தத்தின் அளவைச் சொல்கின்றன. அதனால் வாசிக்கும்போது மூச்சு வாங்கும் இடமெல்லாம் காற்புள்ளிக்கு உரிய இடம் என்ற எண்ணம் பள்ளி நாளிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாக்கிய அமைப்பு. 'இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பினரும், மேற்கண்ட நிபந்தனைகளை ஏற்கின்றனர்' என்று நீண்ட எழுவாய்க்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டுத் தமிழில் எழுதுகிறோம். யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுவாய் எத்தனை நீளமாக இருந்தாலும், அதற்கும் வினைக்கும் இடையே ஒற்றைக் காற்புள்ளி நிற்கக்கூடாது. 'என்று' வரும் இடத்தில் 'தட்' எழுதி அதற்கு முன் காற்புள்ளி வைப்பதும் இதே பழக்கத்தின் விளைவு. 'ஹீ செட் தட்' என்பதற்குள் காற்புள்ளிக்கு இடமில்லை.

அடைத்தொடரைக் காற்புள்ளிகளுக்குள் அடைத்தல்

இந்தப் பிழையை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. காரணம், அதன் விலையை வேறு யாரோ கொடுக்க நேர்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு நூற்பாலையின் அறிவிப்பை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். '2001ஆம் ஆண்டுக்கு முன் பணியில் சேர்ந்த தொழிலாளர்களுக்குச் சிறப்பு ஊக்கத்தொகை வழங்கப்படும்' என்பது தமிழ் மூலம். நான் 'ஒர்க்கர்ஸ்' என்று எழுதி ஒரு காற்புள்ளி இட்டு, 'ஹூ ஜாயின்ட் பிஃபோர் 2001' என்று எழுதி இன்னொரு காற்புள்ளி இட்டு, வாக்கியத்தை முடித்தேன். வாசிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த இரண்டு காற்புள்ளிகளும் பொருளை மாற்றிவிட்டன. அவை இல்லாவிட்டால், 2001க்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தொகை. அவை இருந்ததால், தொழிலாளர் எல்லோருக்கும் தொகை உண்டு, அவர்கள் அனைவருமே 2001க்கு முன் சேர்ந்தவர்கள் என்று ஆகிவிட்டது.

வெளிமாநிலத்தில் இருந்த தலைமை அலுவலகம் ஆங்கிலப் படியை மட்டுமே படித்து எல்லோருக்கும் தொகை ஒதுக்கியது. பெயர்ப் பட்டியல் ஆலை வாசலில் ஒட்டப்பட்டது. பிழை தெரியவந்து பட்டியல் மாற்றப்பட்ட நாளில், விளக்கம் கேட்பதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். பழைய தாளைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை இன்னும் காயவில்லை. பஞ்சுத் துகள் படிந்த முக்காட்டோடு ஒரு பெண், புதிய பட்டியலில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டித் தன் பெயரைத் தேடி, மறுபடியும் மேலே போய்த் தொடங்கினார். அவர் பெயர் அதில் இல்லை. அது என் எழுத்தால் நேர்ந்தது.

நம்மவர்கள் இதில் தவறுவதற்கு மொழி சார்ந்த காரணம் ஒன்று உண்டு. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. அது பெயரைப் பிரித்துக் காட்டுகிறதா, கூடுதல் செய்தி சொல்கிறதா என்பதை நாம் சூழலிலிருந்து புரிந்துகொள்கிறோம். அதற்குத் தனிக் குறி எதுவும் இல்லை. 'மதுரையில் இருக்கும் என் அண்ணன்' என்றால் எனக்கு ஓர் அண்ணன்தானா, மூன்று அண்ணன்களா என்பது அந்தத் தொடரிலிருந்து தெரியாது.

ஆயினும் இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. அடைமொழி இனம் சுட்டுவதா, இனம் சுட்டாததா என்ற கேள்வியைத் தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே எழுப்புகிறது. செங்காந்தள் என்னும்போது வெண்காந்தள் என்ற இனம் இருப்பதால், 'செம்மை' ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்னும்போது வேறு நிற ஞாயிறு இல்லை. அங்கே அடை வெறுமனே வருணிக்கிறது. ஆங்கிலக் காற்புள்ளியின் விதி இதுவேதான். இனம் சுட்டும் அடைத்தொடருக்குக் காற்புள்ளி இல்லை. இனம் சுட்டாத அடைத்தொடருக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வேண்டும். காந்தளா, ஞாயிறா என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்றே நான் இளையவர்களிடம் சொல்கிறேன்.

அந்த இளைஞரின் ஒப்பந்தத்துக்கு வருவோம். 'வாடகைதாரர் பொருத்திய மின்சாதனங்களை அவர் எடுத்துச் செல்லலாம்' என்பது மூலம். 'விச் வேர் ஃபிட்டட் பை த டெனன்ட்' என்பதற்கு இரு புறமும் அவர் காற்புள்ளி இட்டிருந்தார். அப்படியானால் வீட்டில் உள்ள மின்சாதனங்கள் எல்லாமே வாடகைதாரர் பொருத்தியவை. உரிமையாளர் மாட்டிய மின்விசிறிகளையும் அவர் கழற்றிக்கொண்டு போகலாம். உரிமையாளர் பொருத்தியவை என்ற இனம் அங்கே இருக்கிறது. ஆகவே அது காந்தள்.

தேவையான காற்புள்ளியை விட்டுவிடுவதும் இதே அளவு தீங்கானது. ஒரு பிரமாணப் பத்திரத்தில் 'ஹிஸ் வைஃப்' என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லாமல் 'ஹூ லிவ்ஸ் இன் சேலம்' என்று எழுதினால், அவருக்கு வேறு ஊரில் இன்னொரு மனைவியும் உண்டு என்ற பொருளுக்கு இடம் தருகிறோம். வாரிசுரிமை வழக்கில் இப்படியொரு வாக்கியம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சென்னை, காவிரி போன்ற சிறப்புப் பெயர்களைத் தொடர்ந்து இத்தகைய தொடர் வந்தால், ஏறக்குறைய எப்போதுமே காற்புள்ளி வேண்டும், அவை ஞாயிறுகள். இனம் சுட்டும் இடத்தில் 'தட்' எழுதுங்கள். காற்புள்ளியும் 'தட்'டும் அந்த இடத்தில் சேராது என்பதால் கை தானாகவே கட்டுப்படும்.

இரண்டாவது காற்புள்ளியை மறத்தல்

திறந்த கதவை மூடுங்கள்.

பட்டியலின் கடைசி உறுப்பு

'அண்ட்', 'ஆர்' ஆகியவற்றுக்கு முன் காற்புள்ளி இடுவதா வேண்டாமா என்பது நடையைப் பொறுத்தது. அமெரிக்க நூல்களில் பெரும்பாலும் இடுவார்கள். பிரிட்டிஷ் நாளேடுகளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எதைப் பின்பற்றினாலும், பொருள் இரண்டாகப் பிரிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், சேமித்தல் முதலிய வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று ஒரு சட்டம் சொன்னது. அந்தப் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று, 'ஷிப்மென்ட்'டுக்குப் பின் காற்புள்ளி இல்லாமல் முடிந்தது. அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ கட்டுவது என்று அது ஒரே வேலையைக் குறிக்கிறதா, விநியோகிப்பது தனி வேலையா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் பொருளை விநியோகித்தார்களே தவிரக் கட்டவில்லை. தொடர் தெளிவாக இல்லை என்று கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான தீர்ப்பு உண்டு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் 'ஸ்டாக்ஸ் ஆர் எக்சிபிட்ஸ் ஃபார் சேல்' என்று இருந்தது. 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லாததால், அந்தத் தொடர் பிரிக்க முடியாத ஒன்று என்றும், விற்பதற்காக இருப்பு வைத்தால்தான் அது குற்றம் என்றும் உச்ச நீதிமன்றம் 1970களின் இறுதியில் கூறியது. மொழிபெயர்ப்பவருக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. தமிழ் மூலமே இரு பொருள் தந்தால், காற்புள்ளியைக் கொண்டு நாமே ஒரு பொருளைத் தேர்ந்து முடித்துவிடாமல், ஆவணம் கொடுத்தவரைக் கேட்க வேண்டும்.

இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டுதல்

'செய்து, முடித்து, அனுப்பினார்' என்று வினையெச்சங்களை அடுக்கிய பழக்கத்தில் இது வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களுக்கு இடையே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ 'அண்ட்' போன்ற இணைப்புச் சொல்லோ வேண்டும். 'ஹவெவர்' அத்தகைய இணைப்புச் சொல் ஆகாது.

தொகைகளில் காற்புள்ளி

10,00,000 என்றும் 1,000,000 என்றும் ஒரே ஆவணத்தில் கலந்து எழுதக்கூடாது.