குடல் அழற்சிக்கு மாத்திரை சாப்பிடும் ஆண்கள் குழந்தைக்கு முயலும்போது: நான் செய்த முறை

கல்யாணமாகி இரண்டு வருடம், “விசேஷம் உண்டா?” என்ற கேள்வி முழுக்க என் மனைவியிடம்தான் போனது. வளவில் பெரியவர்கள் கேட்க, அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாமே அவளுக்குத்தான். எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) இருப்பதும், அதற்காகத் தினமும் சல்பாசலசின் மாத்திரை சாப்பிடுவதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதே நிலையில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

சிறுநீர் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகப் போகிறதா? சல்பாசலசின் சாப்பிடுபவர்களுக்கு அப்படிப் போகும், அதில் பயமில்லை. ஆனால் இதே மாத்திரை பல ஆண்களுக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைத்துவிடுகிறது. 1979-லேயே மருத்துவ இதழில் வந்த விஷயம் இது. ஆசையோ உறவோ குறையாததால் வெளியே எதுவும் தெரியாது. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் பழையபடி சரியாகிவிடும்.

2. நீங்களாக நிறுத்தாதீர்கள்

நிறுத்தினால் நோய் கிளம்பும். ரத்தப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்தால் விந்தணுவும் கெடும், குடலும் கெடும். குடல் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “குழந்தைக்கு முயல்கிறோம், இந்த மாத்திரையை மாற்ற முடியுமா?” நேரில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் நான் அதைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதே நோய்க்கான மெசலமைன் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். விலை கூடுதல்தான், ஆனாலும் என் நோய்க்கு அது போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் இதே மாற்றம் பொருந்தாது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. மூன்று மாதம் காத்திருங்கள்

நான் தவறியது இந்த இடத்தில்தான். மாத்திரை மாற்றிய ஐந்தாவது வாரமே விந்துப் பரிசோதனைக்குப் போனேன். விந்தணு எண்ணிக்கை குறைவு. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். வீட்டில் அவளும் அழுதாள்.

விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதன் பிறகு வெளியேறும் பாதையில் முதிர்ச்சி அடைய இன்னும் சில நாட்கள் வேண்டும். நான் கொடுத்த சாம்பிளில் இருந்ததெல்லாம் பழைய மாத்திரை காலத்தில் உருவானவை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த ஒரு மாதத்தை நாங்கள் அழுது கழித்திருக்க மாட்டோம்.

அதனால் மாத்திரை மாற்றிய தேதியைச் சுவர் காலண்டரில் வட்டமிட்டு, அதிலிருந்து 90 நாள் எண்ணுங்கள். போன் நினைவூட்டலை விட எனக்குக் காலண்டர்தான் பிடிக்கும். இரண்டு பேர் கண்ணிலும் படும், தினமும் பேசிக்கொள்ள முடியும்.

4. சாம்பிள் கொடுப்பது

இரண்டு முதல் ஏழு நாள் உறவும் கைப்பழக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். எண்ணெய், கிரீம், ஆணுறை எதுவும் கூடாது. முழுவதும் டப்பாவில் விழ வேண்டும். முதல் துளிகள் சிந்தினால் லேபில் சொல்லிவிடுங்கள், அவற்றில்தான் விந்தணு அதிகம். ஒரு மணி நேரத்துக்குள் சாம்பிள் லேபில் இருக்க வேண்டும். அதனால் மதுரையில் கொடுப்பதென்றால் வீட்டில் எடுத்துக்கொண்டு போவது சரிவராது, அங்கேயே இருக்கும் அறையில் கொடுங்கள். லேப் பக்கத்திலேயே இருந்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போங்கள். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்தால் சாம்பிள் கெட்டுவிடும்.

5. ரிப்போர்ட்

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை இப்படி: ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணு, அவற்றில் அசைபவை (மொத்த ஓட்டம்) 42 சதவீதம், சரியான வடிவம் உள்ளவை 4 சதவீதம். இதற்குக் கீழே வந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல் சில வாரம் கழித்து இன்னொன்று எடுங்கள். என் மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் எண்ணிக்கை ஏறியிருந்தது.

6. படுக்கையறை

நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் ஆசை குறைவது இயல்பு. சோர்வு, ஸ்டீராய்டு, மனச்சோர்வு, நடுவில் கழிப்பறைக்கு ஓட வேண்டுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். வயிறு அமைதியாக இருக்கும் நேரம் எது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன், எங்களுக்கு விடியற்காலை ஒத்துவந்தது. விறைப்புத் தொல்லை தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர்களிடம் போகாதீர்கள். ஜிம்மில் கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் வேண்டாம், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதற்காக. இதே நோய்க்கு அசதயோபிரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களும் பொதுவாகக் குழந்தைக்கு முயல்வதற்காக அவற்றை நிறுத்த வேண்டியதில்லை. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து என்றால் மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் பலர் உண்டு, அதனால் முயற்சியைத் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

இன்னொரு தம்பிக்குப் பெருங்குடலை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். இடுப்புக்குள் செய்யும் அறுவையில் விந்து வெளியேற்ற நரம்புகள் பாதிக்கப்படும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்க முடியுமா என்று கேட்டுவிடு, தம்பி.