ரொறன்ரோ விண்டரில் அம்மா அப்பாவின் மனச்சோர்வு: காலையைப் பிடியுங்கள்

யாழ்ப்பாணத்தில் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். ரொறன்ரோவில் டிசம்பர் 21ஆம் திகதி சூரியன் காலை 7.50க்குக் கிட்டத்தான் எழும்பும், மாலை 4.45க்கு முன்னமே இறங்கிவிடும். ஒன்பது மணி நேரம்கூட முழுசாகக் கிடையாது. அறுபது எழுபது வருடம் ஒரே அளவு வெளிச்சத்தில் வாழ்ந்துவிட்டு, பிள்ளைகளோடு இருக்கவென்று ஸ்காபரோவுக்கும் மார்க்கம் நகருக்கும் வந்தவர்களின் உடம்பு இதை லேசில் ஏற்காது. 1984இல், இப்படிக் குளிர்கால வெளிச்சக் குறைவோடு வரும் பருவகால மனச்சோர்வைத் தன் சக ஆய்வாளர்களோடு விவரித்துப் பெயரும் வைத்த நோர்மன் ரோசென்தால், தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மனநல மருத்துவர். வடக்கின் குளிர்காலத்தில் தன் உற்சாகம் வடிவதைத் தானே உணர்ந்தவர்.

காலை வெளிச்சம் கண்ணுக்குள் போனால்தான் உடம்பின் மணிக்கூடு சரியாக ஓடும். வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாகி உள்ளே போகும் வெளிச்சம் குறையும். அதற்கு மேல், பலருடைய அறை பேஸ்மன்டில் இருக்கிறது. வீட்டு லைட் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மப்பும் மந்தாரமுமான பகலில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஆகவே காலை எழும்பி ஒரு மணி நேரத்துக்குள் நடப்பதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

முதியவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு பாரமாக இருக்கு, கை கால் உளையுது, வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மாற்றத்தை. தேவாரம் பாடுகிறவர் விட்டுவிட்டாரா? பேரப்பிள்ளை ஸ்கூலால் வந்ததும் கதவடிக்குப் போகிறவர் கட்டிலிலேயே கிடக்கிறாரா? காலை 10 மணிவரை நித்திரை, மத்தியானமும் நித்திரை, இரவில் முழிப்பு என்று ஆகிவிட்டதா? இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அது "வயது போனால் அப்படித்தான்" அல்ல. ஆனால் ஓரிரு நாளுக்குள் திடீரென்று குழம்பிக் கதைத்தால் அது வேறு விஷயம்: சலத் தொற்று (சிறுநீர்த் தொற்று) போன்ற உடல் நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு முன்பே, ஒக்டோபரிலேயே எழும்பும் நேரத்தை நிரந்தரமாக்குங்கள். 7.30 என்றால் சனி ஞாயிறும் 7.30தான். எழும்பியதும் யன்னல் சீலையை முழுதாகத் திறப்பது, முகம் கழுவுவது, தேத்தண்ணி, பிறகு வெளிச்ச விளக்கு.

இந்த விளக்கு சும்மா மேசை லைட் அல்ல. 10,000 லக்ஸ் தரக்கூடியது, புற ஊதாக் கதிரை வடிகட்டுவது என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் 10,000 என்பதையும் பாருங்கள். சின்ன விளக்குகள் சில 15 சென்ரிமீற்றரில்தான் அந்த அளவைக் கொடுக்கும். அவ்வளவு கிட்ட யாரும் அரை மணி நேரம் இருக்கமாட்டார்கள். 40 முதல் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து பாவிக்கக்கூடிய பெரிய பலகை விளக்கை வாங்குங்கள். கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகச் சரித்து வைக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கை நேரே உற்றுப் பார்க்கக் கூடாது. 20 முதல் 30 நிமிடம், ஒவ்வொரு நாளும். தலையிடித்தால் 10 நிமிடத்தில் தொடங்கிக் கிழமைக் கணக்கில் கூட்டுங்கள்.

பெரும்பாலும் பிழைக்கிற இடங்கள் இரண்டு. பின்னேரம் ரீவி பார்க்கும்போது போட்டுவிடுவார்கள். அன்று இரவு நித்திரை போய்விடும். அல்லது நாலு நாள் போட்டுவிட்டு "ஒன்றும் காணேல்ல" என்று மூலையில் வைத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு கிழமை தொடர்ந்து போட்ட பிறகுதான் மாற்றம் தெரியும். விழித்திரை நோய், சலரோகத்தால் வந்த கண் பாதிப்பு, குளுக்கோமா உள்ளவர்கள் கண் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முன்பு அளவுக்கு மீறிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வந்தவர்களும், இதயத் துடிப்புக்கு எடுக்கும் அமியோடரோன் போல வெளிச்சத்துக்குக் கூசச் செய்யும் குளிசை எடுப்பவர்களும் முதலில் குடும்ப வைத்தியரைக் கேட்க வேண்டும்.

அரை மணி நேரம் சும்மா இரு என்றால் அம்மா இருக்கமாட்டா. அங்கேதான் ஊர் போன் கை கொடுக்கும். குளிர்காலத்தில் இலங்கை நம்மைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால். இங்கே காலை 8.30 என்றால் அங்கே இரவு 7 மணி, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பலர் இரவு 10 மணிக்குப் பிறகு கட்டிலில் கிடந்தபடி ஊரோடு கதைத்து, மரண அறிவித்தல்களையும் பார்த்துவிட்டு நித்திரையில்லாமல் புரள்கிறார்கள். அந்தக் கதையைக் காலைக்கு மாற்றுங்கள். தங்கச்சியோடு கதை, கண்ணில் வெளிச்சம், இரண்டும் ஒரே கதிரையில் நடக்கும்.

வெளியே போகாததற்குச் சாட்டு குளிர். உண்மைக் காரணம் விழுந்துவிடுவோம் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, அதை நக்கல் பண்ணாதீர்கள். சப்பாத்தின் அடியில் மாட்டும் பனிமுள்ளு வாங்கிக் கொடுங்கள். ஆனால் மாலுக்குள்ளோ ரைல்ஸ் தரையிலோ கால் வைக்குமுன் கழற்றச் சொல்லுங்கள், வழவழப்பான தரையில் அதுவே வழுக்கும். ஊன்றுதடி பிடிப்பவர்களுக்கு நுனியில் மடக்கும் ஐஸ் ஆணி உண்டு. சீலைக்குள்ளே தேர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜக்கெட். மைனஸ் 10க்குக் கீழே போனால் அல்லது ஐஸ் கட்டியிருந்தால் வெளி நடையை விட்டு மாலுக்குள் 20 நிமிடம் நடந்தால் போதும். உடம்புக்கு அசைவும், கண்ணுக்கு மனித முகமும் கிடைக்கும்.

அடுத்தது பொறுப்பு. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், இருங்கோ" என்று அன்போடு சொல்வதுதான் பல வீடுகளில் அவர்களை உடைக்கிறது. ஊரில் வீட்டையும் வளவையும் ஆண்டவர்கள். உள்ளே எடுத்து வைத்த கறிவேப்பிலைச் சாடியை அப்பாவிடம் ஒப்படையுங்கள்: தெற்குப் பார்த்த யன்னலடியில் வைத்து, மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணி விட வேண்டும். குளிர்காலத்தில் இலை உதிர்வது வழமை. அதைப் பார்த்துப் பயந்து தண்ணியைக் கூட்டினால்தான் வேர் அழுகும். உள்ளி உரிப்பது, பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் பழக்குவது, எதுவென்றாலும் அவர் செய்யாவிட்டால் நடக்காது என்ற ஒன்றாக இருக்கட்டும்.

டிசம்பர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பிள்ளையார் கதை 21 நாள், மார்கழித் திருவெம்பாவை 10 நாள், பிறகு தைப்பொங்கல். விடியப்புறம் எழும்பித் திருவெம்பாவைக்குப் போகும் பழக்கம் நாம் தேடும் காலை ஒழுங்கேதான். பொல்லாத காலம் பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. அந்த எட்டுக் கிழமைக்கும் கிழமைக்கு இரண்டு வெளிவேலை இப்போதே கலண்டரில் எழுதுங்கள்: முதியோர் சங்கம், கோயில், தமிழ்ப் புத்தகம் உள்ள நூலகக் கிளை. கூட்டிப் போகிறவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் இல்லாத திட்டம் நடக்காது.

கதைக்கும்போது "ஏன் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறியள்" என்று கேட்டால் வாய் மூடிவிடும். கண்டதைச் சொல்லிக் கேளுங்கள்: "அம்மா, ரெண்டு கிழமையா சாப்பாடு குறைஞ்சு போச்சு. இரவில நித்திரை வருதோ?" பதில் வரும்வரை பொறுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது எடுக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். தைரொயிட், இரும்புச்சத்து, பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் சலரோகத்துக்கு நீண்டகாலம் மெற்போமின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைந்து சோர்வு வரலாம். விற்றமின் டி 70 வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 800 அலகு தேவை. அது எலும்புக்கு, மனச்சோர்வுக்கு மருந்தென்று நம்பி விளக்கை விடாதீர்கள். "விசர் டொக்டரிட்டப் போகமாட்டன்" என்பார்கள். குடும்ப வைத்தியரே தொடங்கலாம் என்று சொல்லுங்கள். மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையை அனுப்ப வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் உண்மை வராது. சூப்பர் விசாவில் (பெற்றோருக்கான நீண்டகால வருகை விசா) வந்து ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரச சுகாதாரக் காப்புறுதி இல்லாதவர்களுக்குச் சமூக சுகாதார நிலையங்கள் உண்டு, சமூக சேவைத் தகவல் இலக்கமான 211க்கு அழைத்து விசாரிக்கலாம். மனச்சோர்வு மருந்து தொடங்கினால் பலன் தெரிய நாலைந்து கிழமை எடுக்கலாம். முதல் கிழமைகளில் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், உடனே அறிவியுங்கள்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்ற சொல் வந்தால் கடந்து போகாதீர்கள். "செத்துப் போகலாம் என்று நினைக்கிறீங்களோ?" என்று நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடவேண்டாம், தேவையில்லாமல் மிஞ்சிக் கிடக்கும் குளிசைகளை ஃபார்மசியில் திருப்பிக் கொடுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கமான 988க்கு அழையுங்கள். அங்கே சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், ஆகவே பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். உடனடி ஆபத்தென்றால் 911.

ஏப்ரலில் காலை வெளிச்சம் தாராளமாக வந்ததும் விளக்கைப் பெட்டிக்குள் வைக்கலாம். மருந்தை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இரவு வெப்பநிலை 10 பாகைக்கு மேல் நிலைத்த பிறகு அப்பாவின் கறிவேப்பிலைச் சாடி வெளியே போகட்டும். முதல் கிழமை நிழலில்.