கால் மிசினை மீட்டெடுத்து அதில் தைக்கப் பழகுதல்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் விறாந்தை மூலைகளில் துணியால் மூடிக் கிடக்கும், காலால் மிதித்து ஓட்டும் தையல் மிசின்கள் (கால் மிசின்கள்) பல, சக்கரம் அசையவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. நான் திறந்து பார்த்த மிசின்களில் பெரும்பாலானவற்றில் உடைந்த பாகம் எதுவும் இருக்கவில்லை. பல ஆண்டுகள் உள்ளே நின்று பிசினாக இறுகிவிட்ட எண்ணெயே அவற்றைப் பூட்டி வைத்திருந்தது. அந்தப் பூட்டைத் திறப்பதற்குப் பொறுமையும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் போதும்.

முதலில் கையில் இருப்பது என்ன மிசின் என்று அறிந்துகொள்ள வேண்டும். சிங்கர் 1877 முதல் இலங்கையில் விற்கப்பட்டு வருவதால் எங்கள் வீடுகளில் இருப்பவற்றில் அதுவே அதிகம். மாதிரி எண்ணுக்குப் பின்னால் கே என்ற எழுத்து வந்தால், அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் 1885 தொடக்கம் 1980 வரை இயங்கிய தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அடித்தட்டில் பொறித்த தொடரிலக்கம் எழுத்தின்றி வெறும் இலக்கங்களாக இருந்தால் அது 1900க்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். தைப்பவருக்கு வயதைவிட முக்கியமானது, கீழ் நூலைச் சுற்றிவைக்கும் பொபினின் வடிவம். 27, 28, 127, 128 ஆகிய மாதிரிகளில் நீண்ட மெல்லிய பொபின், கீழ் நூலைக் கொண்டோடும் தோட்டா போன்ற ஷட்டிலுக்குள் இருந்து முன்னும் பின்னும் ஆடும். 66இல் வட்டப் பொபின் ஊசிக்கு அருகே மேலிருந்து வைக்கப்படும். 15இல் அது இடப்பக்கத்தில் ஒரு கூட்டுக்குள் செருகப்படும். உஷா, பட்டர்பிளை மிசின்களும் பெரும்பாலும் இந்தப் 15இன் அமைப்பையே பின்பற்றியவை. 15இன் பொபினுக்குப் பக்கங்கள் தட்டையானவை, 66இன் பொபினுக்குச் சற்றே குவிந்தவை. கடையில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள் என்பதால் பழைய பொபினைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 1995 ஒக்டோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது என் அம்மம்மா மிசினின் தலையை, அதாவது தைக்கும் மேற்பாகத்தை, மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டு சென்றார். திரும்பி வந்தபோது மேசையும் அதைத் தாங்கும் இரும்புக் காலும் வீட்டில் இருக்கவில்லை, பின்னர் வேறொரு வீட்டுக் கால் கிடைத்தது. இப்படித் தலை ஒரு மிசினிலும் கால் இன்னொன்றிலும் இருந்து வந்தவற்றை நான் வேறு வீடுகளிலும் கண்டிருக்கிறேன். ஆகவே வாங்குவதற்கு முன், தலை மேசைக் குழியில் ஆடாமல் அமர்கிறதா, பெல்ட் செல்லும் துளைகள் கைச்சக்கரத்துக்கு நேர் கீழே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பில் வெடிப்பு இருந்தாலோ, ஷட்டிலோ பொபின் கூடோ காணாமற்போயிருந்தாலோ, அந்த மிசினை உதிரிப்பாகத்துக்கு மட்டும் வாங்கலாம்.

வேலையைத் தொடங்கும்போது பெல்ட்டைக் கழற்றி, பின்புறக் கீல்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, தலையை இருவராகத் தூக்கிப் பழைய துணி விரித்த மேசையில் வையுங்கள். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கைச்சக்கரத்துக்குப் பின்னாலும் ஷட்டில் ஓடும் பாதையிலும் பழைய நூல் சுற்றி இறுகியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, சாமணத்தால் சிறிது சிறிதாக எடுத்துவிடுங்கள். சில மிசின்கள் இந்த ஒரு காரியத்திலேயே விடுபட்டுவிடும்.

அப்போதும் அசையாவிட்டால், எண்ணெய் விடும் ஒவ்வொரு துளையிலும், இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் இளவெயில் விழும் இடத்தில் சிறிது நேரம் வைத்தால் பிசின் இளகும். பின்னர் கைச்சக்கரத்தை முன்னும் பின்னுமாக நூலளவு அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மீண்டும் துளிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மம்மாவின் மிசினுக்கு ஐந்து நாட்கள் எடுத்தன. முதல் மூன்று நாட்களும் எதுவும் நடக்கவில்லை, நான்காம் நாள் சக்கரம் விரலளவு நகர்ந்தது, ஐந்தாம் நாள் முழுச் சுற்றுச் சுற்றியது. சுத்தியலாலோ குறட்டாலோ வலுக்கட்டாயப்படுத்தினால் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும், அதன் பிறகு அதை மீட்க முடியாது. மண்ணெண்ணெய் நனைந்த துணிகளை வீட்டுக்குள் குவித்து வைக்காதீர்கள், அருகில் விளக்கோ அடுப்போ எரியவும் கூடாது.

மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்குமே தவிர இயந்திரத்தைக் காக்காது. சக்கரம் இலகுவாகச் சுற்றத் தொடங்கியதும் கரைந்து வரும் பழுப்பு அழுக்கைத் துடைத்தெடுத்து, எல்லாத் துளிவிட்ட இடங்களிலும் தையல் மிசினுக்கென விற்கப்படும் நிறமற்ற கனிய எண்ணெயை விட்டுச் சிறிது நேரம் சுற்றுங்கள். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பது மார்கழி விடியலில் போத்தலைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. நல்லெண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் பிசினாகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் நல்ல எண்ணெய் கிடைக்காமல் சமையல் எண்ணெயை விட்டுச் சமாளித்தவர்களை நான் குறை கூறமாட்டேன். 1990இல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டவை இந்தக் கால் மிசின்கள்தாம். ஆனால் இன்று நாம் சுரண்டி எடுக்கும் பிசினில் ஒரு பகுதி அந்த நாட்களுடையது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கறுப்பு உடம்பில் இருக்கும் பொன்னிறப் பூவேலையைக் காப்பாற்றுவது தனிக் கவனம் வேண்டும் வேலை. பழைய சிங்கர்களில் அந்தப் பூக்களின் மேல் அரக்கு மெருகு பூசப்பட்டிருக்கும். அது ஸ்பிரிட்டில் கரையும், சவர்க்கார நீரில் வெளிறும். மிசின் எண்ணெயில் தோய்த்த மென்மையான பருத்தித் துணியால் மட்டும், அழுத்தாமல், சிறு வட்டங்களாகத் துடையுங்கள். துணியில் மஞ்சளோ பொன்னிறமோ ஒட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். துருப்பிடித்த பளபளப்பான பாகங்களை மிக நுண்ணிய இரும்பு நாரில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம், ஆனால் அந்த நார் பூவேலைப் பக்கம் போகக்கூடாது.

கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றும். பொபினில் நூல் சுற்றுவதற்கான ஏற்பாடு இது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் உள்ளிருக்கும் மூன்று காது கொண்ட வளையம் எந்தப் பக்கமாக இருந்தது என்று குறித்துவையுங்கள். மாறிப் பொருத்தினால் திருகு இறுகாது, அல்லது தளராது. அப்போது அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் பொருத்துங்கள்.

இரும்புக் காலுக்கு அதிக வேலையில்லை. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து நீக்கிக் கறுப்பு எனாமல் பூசலாம், அசையும் மூட்டுகளில் மட்டும் வர்ணம் படக்கூடாது. மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் இரு முனைகளிலும், மிதி தொங்கும் கூர்ந்த திருகாணிகளிலும் எண்ணெய் விடுங்கள். மிதி பக்கவாட்டில் ஆடினால் அந்தத் திருகாணிகளைச் சற்று இறுக்கி அவற்றின் சுரையைப் பூட்ட வேண்டும். பெல்ட் இல்லாமல் மிதியை ஒருமுறை அழுத்திவிட்டால் சக்கரம் சத்தமின்றிப் பல சுற்றுகள் ஓட வேண்டும். மேசையின் அடிப்பக்கத்தில் கறையான் மண் தெரிந்தால் தலையை ஏற்றும் முன் அந்தப் பலகையை மாற்றிவிடுங்கள்.

பெல்ட் என்பது ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருண்டைத் தோல் வார். பெரிய சக்கரத்தையும் கைச்சக்கரத்தையும் சுற்றி அளந்து வெட்டி, இரு முனைகளிலும் துளையிட்டுக் கம்பிக் கொக்கியால் இணைத்து, கொக்கியின் முனைகளைத் தட்டித் தட்டையாக்குங்கள். அதிகம் இறுக்கினால் மிதி கனக்கும், தளர்ந்திருந்தால் தடித்த துணியில் வழுக்கும். தோல் சில வாரங்களில் நீளும் என்பதால் பின்னர் ஒரு துண்டு வெட்டிக் குறைக்க நேரிடும்.

இனி ஊசி. மேலே சொன்ன மாதிரிகளுக்கு 15×1 என்றோ 130/705 என்றோ அச்சிடப்பட்ட சாதாரண ஊசி பொருந்தும். வொயில் துணிக்கு 11ஆம் இலக்கமும், சாதாரண பருத்திக்கு 14ஆம் இலக்கமும், தடித்த துணிக்கு 16ஆம் இலக்கமும் ஏற்றவை. ஊசியின் மேற்பாகத்தில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் நீண்ட பள்ளம் ஓடும். தட்டைப் பக்கம் ஷட்டிலை நோக்கியிருக்க வேண்டும், நூல் பள்ளமுள்ள பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைய வேண்டும். “மிசின் தைக்குதில்லை” என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் பல, ஊசியைத் திருப்பிப் போட்டதும் தைத்தன.

தைக்கப் பழகுபவர் நூலையும் துணியையும் சில நாட்களுக்கு மறந்துவிட வேண்டும். இதை அவசரக்காரர்கள் விரும்புவதில்லை, ஆனால் கால் பழகாமல் கை பழகாது. நடுத்திருகைத் தளர்த்தி, இரு பாதங்களையும் மிதியில் வைத்து, வலது பாதத்தைச் சற்று முன்னே தள்ளுங்கள். வலக்கையால் கைச்சக்கரத்தின் மேற்பகுதியை உங்களை நோக்கி இழுத்துவிட்டு, அந்த ஓட்டத்தைக் கால் வாங்கிக்கொள்ளட்டும். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்த, சக்கரம் ஒருபோதும் மறுபக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். மறுபக்கம் திரும்பினால் நூல் கீழே சிக்கிக்கொள்ளும் என்பதால்தான் இத்தனை பயிற்சி. மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கடினம். ஒவ்வொரு தையலாக எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவாக ஓட்ட முடிந்தால் கால் தயாராகிவிட்டது எனலாம்.

அடுத்துத் திருகை இறுக்கி, நூல் கோக்காமல், பாடசாலைக் கொப்பியின் கோடிட்ட கடதாசியை, துணியை அழுத்திப் பிடிக்கும் மிசின் பாதத்தின் கீழ் வைத்துக் கோட்டின்மேல் தையுங்கள். துளைகள் கோட்டிலிருந்து விலகாமல் வரும்வரை தொடர்ந்து, பின்னர் பென்சிலால் வளைவுகளும் மூலைகளும் வரைந்து தையுங்கள். மூலையில் ஊசியைக் கீழே இறக்கி, பாதத்தைத் தூக்கி, கடதாசியைத் திருப்ப வேண்டும். கடதாசி தைத்த ஊசி மழுங்கியிருக்கும் என்பதால் துணிக்குப் புதிய ஊசி போடுங்கள்.

துணியில் தொடங்கும்போது மேல் நூலையும் கீழ் நூலையும் நான்கு அங்குலம் வெளியே இழுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களைக் கையால் சக்கரம் சுற்றிப் போடுங்கள். துணியை ஊசித்தட்டில் இருக்கும் பற்களே நகர்த்தும், கை வழிகாட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி முறியும். இரு நூல்களும் துணிகளின் இடையில் பின்னிக்கொள்ள வேண்டும். கீழ்ப்பக்கம் நூல் சுருண்டு தொங்கினால், பாதத்தைத் தூக்கி வைத்து மேல் நூலை மறுபடியும் கோத்துப் பாருங்கள். அதன் பிறகும் சரிவராவிட்டால் மட்டும் மேல் நூலின் இறுக்கத்தைக் கால்வாசிச் சுற்றுக் கூட்டுங்கள். பழைய மிசின்கள் பலவற்றில் பின்னோக்கித் தைக்கும் வசதி இல்லாததால், முடிவில் துணியைத் திருப்பி வந்த தையல்மேல் நான்கு தையல் போட்டு நூலை வெட்டலாம்.

முதல் வேலையாக ஒரு சாரத்தை மூட்டுங்கள். ஒரே நேர்த்தையல், அங்குலத்துக்குப் பத்து அல்லது பன்னிரண்டு தையல், கோணினாலும் உடுக்கும்போது மடிப்புக்குள் மறைந்துவிடும். அதற்குப் பிறகு தலையணை உறை தைக்கலாம். வேலை முடிந்ததும் பாதத்தின் கீழ் ஒரு துணித்துண்டை வைத்து, பெல்ட்டைப் பெரிய சக்கரத்திலிருந்து நழுவவிட்டு மூடுங்கள். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கியதும், தைக்காத நாளிலும் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, துளிகளை விட்டுச் சக்கரத்தைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டு மூடுங்கள்.