மின்சார எஞ்சின் மாதிரிகள்: கொழும்பில் சேர்ப்பவர்கள் விடும் பிழைகள்

இலங்கையில் மின்சார ரயில் பாதை இதுவரை கிடையாது. மருதானையில் நின்றாலும் தெமட்டகொடையில் நின்றாலும் கண்ணில் படுவது டீசல்தான். அதனால் கூரையில் பாண்டோகிராப், அதாவது மேல்கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் கை, விரித்து நிற்கும் பழைய எஞ்சினை நாம் படத்தில்தான் முதலில் பார்க்கிறோம். படத்தைப் பார்த்தே ஆசைப்பட்டு, படத்தைப் பார்த்தே காசும் அனுப்பிவிடுகிறோம். பிழை தொடங்குவது அங்கேதான்.

பெரும்பாலும் மனம் முதலில் போவது சுவிட்சர்லாந்தின் 'முதலை' என்று பெயர் பெற்ற எஞ்சினில். 1919 முதல் 1922 வரை 33 எஞ்சின்கள் கட்டினார்கள், கோத்தார்ட் மலைப்பாதையில் சரக்கு இழுக்க. முன்னும் பின்னும் நீண்ட மூக்கு, நடுவில் அறை, வளைவில் உடம்பு மடங்கித் திரும்பும், சக்கரங்களை இணைத்து நீராவி எஞ்சின் போலத் தண்டுகள் ஓடும். பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஜெர்மன் ரயில் மாதிரி நிறுவனமான மார்க்ளின் 1947 முதல் இதை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, செய்து வருகிறது. சரி, வாங்கிவிட்டீர்கள். வீட்டில் இருப்பதோ ஹோர்ன்பி, ட்ரையாங் என்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் பழைய தண்டவாளம். இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான், 16.5 மில்லிமீட்டர், சக்கரம் அழகாக உட்காரும். ஆனால் கரண்ட் கொடுத்ததும் ஷோர்ட் ஆகும். ஹோர்ன்பி முறையில் இரண்டு தண்டவாளமும் வேறு வேறு முனை, 12 வோல்ட் டீசி. மார்க்ளினில் இரண்டு தண்டவாளமும் ஒரே முனை, மற்றது நடுவில் வரிசையாக இருக்கும் சிறு புள்ளிகள் வழியாக வரும், ஏசி கரண்ட். எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எஞ்சினின் அடிப்பக்கப் படம். நடுவில் நீளமான உலோகச் சறுக்குத் தகடு இருந்தால் அது மார்க்ளின் முறை எஞ்சின், உங்கள் தண்டவாளத்தில் ஓடாது. டீசிதான் வேண்டுமென்றால் அதே நிறுவனம் ஹாமோ, ட்ரிக்ஸ் என்ற பெயர்களில் விற்றவற்றைத் தேடுங்கள்.

ட்ரான்ஸ்போமர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மார்க்ளினின் பழைய நீல நிறப் பெட்டிகளில் 220 வோல்ட் என்று போட்டிருக்கும், நம் வீட்டுச் சுவரில் வருவது 230. ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. எஞ்சினைப் பின்னால் திருப்பக் கொடுக்கும் அந்த ஒரு நொடிக் கூடுதல் வோல்ட் அடி மட்டும் 24 வோல்ட்டையும் தாண்டிப் போய், உள்ளே டிகோடர் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுத் தகடு உள்ள புதிய எஞ்சினைக் கெடுத்துவிடும். அமெரிக்காவில் இருந்து லயனல் நிறுவனம் செய்த ஜிஜி1 என்ற மின்சார எஞ்சின் மாதிரியை எடுப்பவர்கள் அதனோடு வரும் 120 வோல்ட் ட்ரான்ஸ்போமரை நேராகச் சுவரில் சொருகவே கூடாது. வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி இடையில் வைத்தாலும், அது 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 50, ஆகவே கூடுதலாகச் சூடாகும். நீண்ட நேரம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அளவைப் பார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ட்ரையாங் செய்த இஎம்2 என்ற மின்சார எஞ்சின் பிரிட்டிஷ் அளவு, 1:76. சுவிஸ் முதலை 1:87. ஒரே தண்டவாளத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று ஊதிப்போனது போலிருக்கும். சுவிட்சர்லாந்திலேயே உள்ள ரேத்தியன் ரயில்வேயின் சிறிய முதலையோ நிஜத்திலேயே மீட்டர் பாதை எஞ்சின், அதன் 1:87 மாதிரிக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும்.

இனி நம் ஊர்க் காற்று. என் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட. ஒரு எஞ்சினை வந்த பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று அலுமாரியில் வைத்துவிட்டு, நாலைந்து வருடம் கழித்துத் திறந்தேன். சுற்றியிருந்த ஸ்பொஞ்ச் உருகிப் பிசின் மாதிரி ஆகி, பச்சை பெயின்ற்றோடு ஒட்டியிருந்தது. உரித்தபோது எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. இன்றும் அதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஈரமும் சூடும் அந்த வகை ஸ்பொஞ்சைக் கரைத்துவிடும். பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது அதற்கும் மதிப்பு உண்டு. ஸ்பொஞ்சை மட்டும் எடுத்துவிட்டு அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள், மாரி காலத்தில் அந்தப் பையை மாற்றுங்கள்.

இதைவிடக் கொடியது துத்தநாக வார்ப்பில் வரும் நோய். வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும், ஈரம் அதை விரைவுபடுத்தும், மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மாதிரிகளில் கட்டாயம் பாருங்கள்: மயிரிழை வெடிப்பு, வளைந்த அடித்தளம், மூடி சரியாகப் பொருந்தாமை. இதில் ஒன்று தெரிந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எண்ணெயில் இரண்டு பிழை. தேங்காய் எண்ணெய் போடுவது ஒன்று, அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து இறுகும். மற்றது நல்ல மெஷின் எண்ணெயையே அள்ளி ஊற்றுவது. அச்சுக்கு ஊசி முனையில் ஒரு துளி போதும். மோட்டாரில் பிரஷ் உரசும் செம்பு வளையமான கொமியூட்டேற்றருக்குப் போனால் காபன் பிரஷ் கறுத்து எஞ்சின் இழுக்காது. அப்புறம், பழசைப் புதுசாக்குகிறேன் என்று பெயின்ற் அடிக்கவே வேண்டாம். தேய்ந்த அசல் பூச்சுக்குத்தான் சேர்ப்பவர்கள் காசு கொடுப்பார்கள்.

இந்திய முதலையைத் தேடுபவர்களுக்கு ஒன்று. பம்பாயில் 1925-இல் மின்சார ரயில் தொடங்கியது, 1928 முதல் அங்கே சரக்கு இழுத்த முதலைகள் 41. தோற்றம் சுவிஸ் போலத்தான், அதனால் சுவிஸ் மாதிரிக்கு நிறம் மாற்றி இந்தியன் என்றால் நம்பத் தோன்றும். சக்கரத்தை எண்ணுங்கள். சுவிஸ் எஞ்சினில் ஆறு இழுக்கும் அச்சோடு இரு முனையிலும் ஒவ்வொரு சிறிய அச்சு உண்டு, மொத்தம் எட்டு. இந்திய எஞ்சினில் ஆறே ஆறு. டில்லிக்குப் போகும் வாய்ப்பு வந்தால் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 'சர் லெஸ்லி வில்சன்' என்ற பெயருள்ள இந்திய முதலை நிற்கிறது, பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து வந்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.