மெமரியே இல்லாமல் 1802 சிப்பைக் கண்சிமிட்ட வைப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய பொருள் கடைகளில் பித்தளைத் தவலை, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் கிடைக்கும். ஆர்சிஏ 1802 கிடைக்காது, ஆன்லைனில்தான் வாங்கினேன். 1976இல் வந்த 8 பிட் மைக்ரோபிராசசர், அதாவது கணினியின் மூளையாக வேலை செய்யும் சிப். புரோகிராமை வைக்கும் மெமரி சிப் இல்லாமலே, இதை வைத்து ஒரு எல்இடி விளக்கை மினுக்கப் போகிறோம். சிமாஸ் (CMOS) வகை என்பதால் மின்சாரத்தைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்திலும் இதுதான் இருந்தது.

முதலில் பவர். 16, 40ஆம் கால்களுக்கு 5 வோல்ட், 20க்கு கிரவுண்ட். 2, 21 முதல் 24, 36 முதல் 38 வரை எல்லாமே பிளஸுக்கு. 3ஆம் காலை 10 கிலோ ஓம் வழியாக பிளஸுக்கு இழுத்து, அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு பட்டன். அதுதான் ரீசெட்.

இதில் ஒரு காலையும் விட்டுவிடாதீர்கள். நான் 38ஐ மறந்துவிட்டேன். அப்பத்தா காபி டம்ளரை பக்கத்தில் வைத்தால் எல்இடி எரியும், கையை எடுத்தால் அணையும். அந்தரத்தில் தொங்கும் சிமாஸ் இன்புட் அப்படித்தான் ஆடும். "என்னைக் கண்டா அதுக்கு பயமாப்பா?" என்றார்.

அடுத்து கிளாக், அதாவது சிப்புக்குத் தாளம் போடும் துடிப்பு. சாதாரண 555 டைமர் சிப் வேண்டாம். 5 வோல்ட்டில் அதன் அவுட்புட் இந்த சிப்புக்குப் போதுமான உயரத்துக்கு ஏறாது. அதன் சிமாஸ் வடிவமான 7555 போடுங்கள். 7555இன் 8ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் நடுவில் 6.8 கிலோ ஓம், 6லிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட். 2ஐ 6ஓடு சேருங்கள். 4, 8 பிளஸ், 1 கிரவுண்ட். 3இல் வரும் சுமார் 1 கிலோஹெர்ட்ஸ், 1802இன் முதல் காலுக்கு.

சரி, புரோகிராம்? 1802 தன் கட்டளையை 8 முதல் 15 வரையுள்ள கால்களில்தான் படிக்கும், அதனால் அதை ரெசிஸ்டரிலேயே எழுதிவிடலாம். 7பி (7B) என்ற கட்டளைக்கு கியூ (Q) என்ற அவுட்புட்டை ஏற்று என்று அர்த்தம், 7ஏ (7A) என்றால் இறக்கு. இரண்டுக்கும் கடைசி பிட் மட்டுமே வித்தியாசம்! முதலில் 7பி: தலா 10 கிலோ ஓம் வழியாக 8, 13ஐ கிரவுண்டுக்கும் 9, 10, 11, 12, 14, 15ஐ பிளஸுக்கும் இணையுங்கள். கியூ என்பது 4ஆம் கால். அதிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, பிளஸிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டரும் எல்இடியும் வழியாக கலெக்டருக்கு. நேரடியாக எல்இடி மாட்டினால் சிப்புக்குத் தெம்பு போதாது. ரீசெட்டை அழுத்தி, கையை எடுத்தால் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் கடைசி பிட்டான 15இன் ரெசிஸ்டரை பிளஸிலிருந்து பிடுங்கி 29இல் செருகுங்கள். 29 என்பது, எத்தனையாவது கட்டளை என்று எண்ணிக் காட்டும் அட்ரஸ் கம்பிகளில் ஐந்தாவது. 16 கட்டளைக்கு ஒருமுறை மாறும், கூடவே கட்டளையும் 7ஏ, 7பி என்று மாறும். ஒரு கட்டளைக்கு 16 கிளாக். ஆக, கால் நொடி எரியும், கால் நொடி அணையும்.

எரியும்போது கிளாக் கம்பியின் 7555 பக்க முனையை எடுத்து கிரவுண்டில் செருகிப் பாருங்கள். அப்படியே நிற்கும். காபி குடித்துவிட்டு வந்து கம்பியைத் திரும்ப மாட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.