பழைய டி-ஷர்ட்டில் நினைவுப் போர்வை: கத்தரிக்கோலை எடுக்கும் முன்

பழைய டி-ஷர்ட்டுகளைச் சதுரங்களாக வெட்டி இணைத்து நினைவுப் போர்வை தைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் தையலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் போர்வை கெடுவது அதற்கு முன்பே, துணி வெட்டும் மேஜையில். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். பழைய கல்லூரி விழா சட்டையை இன்னொன்று வாங்க முடியாது. (சட்டை வேறொருவருடையது என்றால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். இதிலேயே சண்டை வந்த வீடுகள் உண்டு.)

டி-ஷர்ட் துணி நெய்ததில்லை, பின்னியது. குறுக்கே இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருளும். அதை அப்படியே சதுரமாக வெட்டி மெஷினில் ஓட்டினால், போகப்போகச் சாய்ந்துவிடும். அதனால் பின்பக்கம் இஸ்திரி சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஃபியூசிங் துணி கட்டாயம் வேண்டும். செலவைக் குறைக்க வேண்டிய இடம் இதுவல்ல. அதற்காகக் காலருக்கு வைக்கிற தடித்த கேன்வாஸை ஒட்டினால், போர்வை அட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

பலர் தடுமாறுவது எதை முதலில் செய்வது என்பதில்தான். சரியான அளவுக்கு வெட்டிவிட்டு ஃபியூசிங் ஒட்டினால், ஒட்டும்போதே அளவு மாறிவிடும். முதலில் சுற்றிலும் ஓரிரு அங்குலம் தாராளமாக விட்டு வெட்டி, ஒட்டி, ஆறவிடுங்கள். அப்புறம்தான் இறுதி அளவு. ஃபியூசிங் ஒரு பக்கம் மட்டும் நீளும் ரகமா? அதன் நீளாத பக்கம், சட்டை அதிகம் நீளும் திசையில் வர வேண்டும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். ரப்பர் மாதிரி இருக்கும் அச்சின் மேல் நேராக வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். நடுவில் பேக்கிங் பேப்பர் போடுங்கள். சட்டைகளை முன்பே துவைத்திருக்க வேண்டும். அப்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், அதன் படலம் பசையைப் பிடிக்க விடாது.

அளவைச் சின்னப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இருப்பதிலேயே பெரிய படத்தை அளந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விட்டால், 15 அங்குலமாக வெட்டியது 14 ஆகிவிடும். அந்தக் கணக்கில் 12 சட்டையை மூன்றுக்கு நான்காக இணைத்தால் 42-க்கு 56 அங்குலம்தான் கிடைக்கும், மடியில் போட்டுக்கொள்ள மட்டும் போதும். பெரியவர்கள் போர்த்திப் படுக்க வேண்டுமென்றால் 20 சட்டையாவது தேவை.

ஊசி, முனை உருண்ட பால்பாயின்ட் ரகமாக இருக்கட்டும். கூர் ஊசி பின்னலை அறுத்துவிடும். அச்சில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும் என்பதால் கிளிப் நல்லது.

மேலே சட்டைச் சதுரங்கள், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது, படம் கெடுமே என்று சதுரங்களின் ஓரத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். அப்படி விட்டால் உள்ளே வைத்த பஞ்சு விரிப்பு துவைக்கத் துவைக்க நகர்ந்து கட்டி கட்டியாகிவிடும். தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று விரிப்பின் உறையிலேயே போட்டிருப்பார்கள். மெல்லிய அச்சின் மேல் தாராளமாகத் தைக்கலாம், தடித்த ரப்பர் அச்சை மட்டும் சுற்றிப் போங்கள்.